எதிர்வீட்டுக்குப் போகும் வழி

ஒரு வீடு என்றிருந்தால் அதற்கு ஒரு சமையலறை இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. சாலைத் துறையில் துணைக் கண்காணிப்பாளராக இருந்த நம் மனிதருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய வீட்டுக்கும் சமையலறை இருந்தது. ஆனால் அது தெருவுக்கு அந்தப் பக்கம், அவருடைய மைத்துனி வீட்டில் இருந்தது.

இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. அவர் மனைவியும் மைத்துனியும் கூடப் பிறந்தவர்கள்; மனைவி அக்கா, மைத்துனி தங்கை. எதிரெதிர் வீடுகளில் வாழ்க்கைப்பட்டவர்கள். அக்கா வீட்டில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். ஆனால் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. எண்ணெய் காய்ந்தால் வீடே உட்கார்ந்து இருமும். தங்கை வீட்டுச் சமையலறையில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் குழாயைத் திறந்தால் பெருமூச்சு மட்டும்தான் வரும். இருவரும் ஒருநாள் உட்கார்ந்து பேசி, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அடுப்பு அங்கே, துணி துவைக்கும் இயந்திரம் இங்கே என்று முடிவு செய்தார்கள். அக்காவுக்கு மருந்துக்கடையில் காலை நேர வேலை, அதனால் பகல் சமையல் தங்கையின் பொறுப்பு. தங்கை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், அதனால் ராத்திரிச் சமையலை அக்கா போய்ப் பார்த்துக்கொள்வாள். அழுக்குத் துணி அங்கிருந்து வரும். துவைத்த துணி இங்கிருந்து போகும். தூக்குப்பாத்திரம் இரண்டு பக்கமும் போய் வரும். இரண்டு வீட்டு ஆண்களுக்கும் இதில் இருந்த பொறுப்பு, சாப்பிடுவதும் துணியை அழுக்காக்குவதும்தான். அதை அவர்கள் குறைவில்லாமல் செய்து வந்தார்கள்.

எந்த அலுவலகத்திலும் அனுமதி வாங்காமல் செய்த ஏற்பாடு என்பதாலோ என்னவோ, இது பல வருஷம் ஒழுங்காக நடந்தது. தெரு அப்போது எவ்வளவு குறுகல் என்றால், இந்த ஜன்னலில் நின்று "உப்பு போட்டியாடி?" என்று கேட்டால் அந்த ஜன்னலில் பதில் வரும்.

துணைக் கண்காணிப்பாளர் வேலை பார்த்தது சாலைத் துறையின் தடையில்லாப் போக்குவரத்துப் பிரிவில். அங்கே குறிப்பு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவருடைய வாக்கியங்களில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். எல்லாம் தானாகவே கவனத்துக்கு வரும், தானாகவே பரிசீலிக்கப்படும், தானாகவே முடிவெடுக்கப்படும். பின்னால் ஏதாவது வில்லங்கம் வந்தால் பிடிப்பதற்கு ஒரு கழுத்துகூட அகப்படாது. தலைமைப் பொறியாளர் அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "உம்ம எழுத்துல ஒரு அமைதி இருக்குய்யா" என்று சொல்வதுண்டு.

அப்படி ஒருநாள் அவர் மேசைக்கு 'ஏழு-ஆ' என்ற சாலையின் கோப்பு வந்தது. அவர் எழுதினார்: "மேற்படி சாலையில் பாதசாரிகள் குறுக்கே நடமாடுவதால் வாகனங்களின் இயல்பான ஓட்டம் ஊறுபடுவது கவனத்திற்கு வந்துள்ளது. மேற்படி நடமாட்டத்தை நிரந்தரமாகக் களையும் பொருட்டுச் சாலையை அகலப்படுத்தி, நடுவே தடுப்புச் சுவர் எழுப்புவது பொதுநலனுக்கு உகந்ததாகக் கருதப்படுகிறது." கருதியவர் இன்னார் என்று சொல்லாமலே கருதிவிட்டு, மைத்துனி கொடுத்தனுப்பிய சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டார்.

சில மாதம் கழித்து, காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தவர், மண் அள்ளும் இயந்திரம் ஒன்று தன் வீட்டுக் கேட்டை முகர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"எந்த ரோடு வேலைப்பா இது?"

"ஏழு-ஆ சார்."

"அது எங்க இருக்கு?"

மேஸ்திரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க நிக்கிறீங்களே சார், இதுதான்."

அவரைக் குறை சொல்லக் கூடாது. வீட்டில் இருக்கும்போது அது அவருக்கு 'நம்ம தெரு'. அலுவலகத்தில் அதற்கு நம்பர். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் எழுத்துமூலமாகத் தெரிவிக்கவில்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "என்னங்க, நடுவுல சுவர் வெக்கப் போறாங்களாமே. இதை எவன் எழுதினான்?"

"எவன்னு இல்ல. இந்த மாதிரி நடமாட்டம் இருக்குன்னு கவனத்துக்கு வந்திருக்கு."

"யாரோட கவனத்துக்கு?"

"துறையோட கவனத்துக்கு," என்று சொல்லிவிட்டு, வாயைக் கொப்புளிக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டார். அவளுக்கு அவருடைய நடை நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுக்கு எழுதிய கடிதத்திலேயே, 'தங்கள் நினைவு அடிக்கடி ஏற்பட்டு வருகிறது' என்று எழுதியவர் அவர்.

சுவர் எழும்பியது. இடுப்பளவு உயரம், திடமான, அழகான சுவர். பக்கத்துக்கு மூன்று வண்டி போகலாம். திறப்பு விழாவில் தலைமைப் பொறியாளர், "இனிமேல் இந்த ஊரில் யாரும் எங்கேயும் நிற்க வேண்டியதில்லை" என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நடைபாதை உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு, ஆனால் வண்டிகளை நிறுத்த வேறு இடம் இல்லாதபடியால் தற்போதைக்கு அது அதற்குப் பயன்படுகிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் ஜன்னலில் நின்றார். எதிரே, தன்னுடைய சாப்பாட்டிலிருந்து ஆவி கிளம்புவதைக் கண்ணால் பார்த்தார். மனைவி காலையிலேயே பாதுகாப்பாக அந்தப் பக்கம் போயிருந்தாள். சாப்பாடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், பசியும் இருக்கிறது. எல்லாம் இருந்தும் நடுவில் பொதுநலன் இருந்தது. அந்தப் பக்கம் போக மேம்பாலத்துக்கு அடியில் போய்த் திரும்பி வர வேண்டும். மேம்பாலத்துக்கு அடியில் நடந்து போகத் தடை. பஸ்ஸில் போகலாம் என்றால் அந்தத் திசையில் போகும் பஸ் எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கும்.

இந்த இடத்தில்தான் சகலை உள்ளே வந்தார். மைத்துனியின் கணவரான அவர் கார் விற்பவர். அவருக்கு எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து உண்டு. எல்லாக் கருத்தும் கடைசியில் ஒரு காரில் போய் முடியும்.

"இங்க பாருங்க சகலை," என்றார் அவர். "ரோடு இவ்வளவு அகலமா போட்டிருக்காங்க. இதுல நடந்து போறது ரோட்டுக்கே மரியாதை இல்ல. ஒரு வண்டி எடுத்துடுங்க."

"எதிர்வீட்டுக்குப் போறதுக்கா வண்டி?"

"எதிர்வீட்டுக்குப் போறதுக்குத்தான் வண்டி. தூரத்துக்குப் போறவனுக்கு ரயில் இருக்கு, பஸ் இருக்கு. எதிர்வீட்டுக்கு எவன் பஸ் விடுறான்? சொல்லுங்க."

துணைக் கண்காணிப்பாளர் விரல்விட்டு பஸ் நம்பர்களை எண்ணிப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. வண்டி வந்தது. வெள்ளை வண்டி, பெரிய வண்டி. வீட்டு முன்னறையின் பாதியை இடித்து அதற்கு இடம் செய்தார்கள். உட்கார இடமில்லாமல் போன சோபாவைத் தூக்கித் துணி துவைக்கும் அறையில் போட்டார்கள்.

அதன் பிறகு வாழ்க்கை தடையில்லாமல் நடந்தது. அங்கே அரிசி உலையில் விழும்போது இவர் இங்கே வண்டியை எடுப்பார். மேம்பாலத்துக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பி, எதிர்வீட்டு வாசலுக்குப் போகும்போது சோறு வடித்திருக்கும். தூக்குப்பாத்திரத்துக்கு முன்சீட்டில் பெல்ட் போட்டு, எதிர்த்திசையில் இன்னொரு பாலம் வரை போய்த் திரும்பி வீடு சேரும்போது அது ஆறியிருக்கும். அழுக்குத் துணிக்கும், ராத்திரிச் சமையலுக்குப் போய் வரும் மனைவிக்கும் பின்சீட்டு. கொஞ்ச நாளில் வண்டிக்குள் பருப்பு வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து குடியேறின. ஒரு தடவை திருப்பத்தில் மூடி திறந்துகொண்டு, துவைத்த சட்டைகள் எல்லாம் சாப்பிட்டன.

அவருக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதற்கென்றே ஊருக்கு வெளியே துறை ஒரு வட்டப் பாதை போட்டிருந்தது. அதைச் சுற்றிலும், பாதையைவிடப் பெரிதாக, வண்டி நிறுத்துமிடம். தினமும் காலையில் அவர் அங்கே காரில் போய், நான்கு சுற்று நடந்துவிட்டு, காரில் திரும்பினார். அங்கே தெருக்காரர்கள் எல்லாரையும் பார்க்க முடிந்தது. பழைய தெருவில் வாசலில் நின்று பேசியவர்கள் இப்போது அங்கே நடந்துகொண்டே பேசினார்கள். "ரோட்ல என்னா கூட்டம் பாத்தீங்களா? எல்லாரும் கார் வாங்கிட்டா எப்படிங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரவர் காரில் ஏறிப் போனார்கள்.

அக்காவும் தங்கையும் மட்டும் இந்த முன்னேற்றத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒருநாள் மத்தியானம், வண்டிகள் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, அக்கா இந்தப் பக்கத்திலிருந்து சுவர் வரைக்கும் போனாள். தங்கை அந்தப் பக்கத்திலிருந்து சுவர் வரைக்கும் வந்தாள். சுவருக்கு மேலே தூக்குப்பாத்திரம் இந்தக் கைக்கும் துணிமூட்டை அந்தக் கைக்கும் மாறின. அன்று துணைக் கண்காணிப்பாளருக்கு ரொம்ப நாளைக்கப்புறம் சூடான சாப்பாடு. எப்படி வந்தது என்று கேட்காமல் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். தெருவில் மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். மத்தியானமானால் சுவர் ஓரத்தில் ஒரு சந்தை கூடியது.

பிறகு ஒருநாள் வேகமாக வந்த வண்டி ஒன்று தங்கையின் முந்தானையைத் தொட்டுக்கொண்டு போனது. இரண்டு அங்குலம் தள்ளி நின்றிருந்தால் அவள் இல்லை. ஜன்னலில் நின்று அதைப் பார்த்த துணைக் கண்காணிப்பாளர் வாசல் வரை ஓடி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றார். அந்த ராத்திரி மனைவி அவரிடம் கத்தவில்லை. அழவும் இல்லை.

"நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க," என்றாள். "அந்தச் சுவர்ல ஒரு ஆள் நுழையற அளவுக்கு வழி வேணும். அவ்வளவுதான். அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அதை யார் கவனத்துக்கும் கொண்டு வர மாட்டேன். நேரா உங்களைத்தான் கேப்பேன்."

மறுநாள் அவர் தலைமைப் பொறியாளர் முன்னால் போய் நின்றார்.

"வழி வெச்சுடலாமே," என்றார் தலைமைப் பொறியாளர் தாராளமாக. "தேவை இருக்கான்னு மட்டும் பாத்துக்கணும். அங்க எத்தனை பேர் ரோட்டைக் கடக்கிறாங்க?"

"யாரும் கடக்கிறதில்ல ஐயா."

"ஏன்?"

"சுவர் இருக்குதுங்களே."

"சுவர் இருக்கட்டும்யா. கடக்கிறாங்களா, இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப யாருக்காக வழி? கடக்காத ஜனங்களுக்கு வழி வெச்சா, நாளைக்கு எல்லா இடத்துலயும் கேப்பாங்க."

"ஐயா, ரெண்டு பேர் பாதிப் பாதியா கடக்கிறாங்க. இந்தப் பக்கத்துல ஒரு பாதி, அந்தப் பக்கத்துல ஒரு பாதி. ரெண்டு பாதியும் சேந்தா ஒண்ணுதானுங்களே?"

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிந்திக்கும்போது அப்படித்தான் செய்வார். "அப்படிப் பாத்தா ஒரு ஆள் பாதியில நிக்கிறான், இன்னொரு ஆளும் பாதியில நிக்கிறான். முழுசா யாருமே கடக்கலையே. தவிர, நடு ரோட்ல நிக்கிறது குற்றம். குற்றத்தைத் தேவைன்னு கணக்குல எடுத்தா நாடு என்னத்துக்கு ஆகும்? இதெல்லாம் தெளிவா இல்லாததாலதான் குழப்பம். நீரே ஒரு விளக்கம் எழுதிக் கொண்டாரும். 'கடப்போர்'னா யாரு, யாரு இல்லைன்னு. உம்ம கையால வந்தாத்தான் சரியா இருக்கும்."

வேலை என்று வந்துவிட்டால் துணைக் கண்காணிப்பாளர் வீட்டை மறந்துவிடுவார். ராத்திரி ஆறிய சோற்றைத் தின்றுகொண்டே எழுதினார்: "கடப்போர் எனப்படுவோர், ஒரு சாலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முழுமையாகவும் சட்டப்படியும் நடந்து கடப்பவர்கள் ஆவர். சொந்த வாகனம் உடையோர், அலுவல் நிமித்தம் அவ்விடம் வந்தோர் ஆகியோர் இதில் அடங்கார். தனி ஒருவரது தேவை, தேவை எனக் கொள்ளப்படாது." எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோது அவருக்கே புல்லரித்தது. அந்த விளக்கம் எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்கு விடப்பட்டது. ஒரு வாரத்தில் சுவருக்கு மேலே ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடித்தார்கள். மத்தியானச் சந்தை கலைந்தது.

வழி கடைசியில் கிடைத்தது. ஆனால் எந்த விளக்கத்தாலும் கிடைக்கவில்லை. தலைமைப் பொறியாளரின் பசியால் கிடைத்தது.

கம்பிவலை சரியாக அடித்திருக்கிறதா என்று பார்க்க வந்த அவருடைய வண்டி, துணைக் கண்காணிப்பாளர் வீட்டு வாசலில் மூச்சை நிறுத்திவிட்டது. இழுத்துப்போக வேறு வண்டி வர வேண்டும். அது வந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்தில் போகும் வரிசையில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. நல்ல வெயில். பெரியவரை உள்ளே அழைத்து, துணி துவைக்கும் அறையில் சோபாவில் உட்கார வைத்தார்கள்.

"ஒரு டீ கிடைக்குமாய்யா?"

"இதோ ஐயா," என்று சொல்லித் துணைக் கண்காணிப்பாளர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

தலைமைப் பொறியாளருக்கு விஷயம் புரியவில்லை. இயந்திரம் துணியைச் சுழற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போனார். எதிர் ஜன்னலில் ஒரு பெண் டீ போட்டு இறக்குவதைப் பார்த்தார். அதைத் தன்னுடைய துணைக் கண்காணிப்பாளர் வாங்கி, காரில் வைத்து, பெல்ட் போட்டு, எதிர்த்திசையில் போவதையும் பார்த்தார். டீ வந்து சேர்ந்தபோது அதன் மேல் ஆடை படிந்து, ஒரு கொசு அதில் உயிர்த்தியாகம் செய்திருந்தது. அதற்குள் எதிர்வீட்டில் தாளிக்கும் வாசனை வேறு கிளம்பிவிட்டது. பெரியவர் சாயங்காலம் வரை அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

மறுநாளே 'சிறப்பு நேர்வு' என்று ஒரு கோப்பு உருவாயிற்று. சுவரில் வழி வெட்டி, தரையில் வெள்ளைக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு நட்டார்கள். பொத்தானை அழுத்தினால் வண்டிகள் நிற்கும், மனிதர்கள் போகலாம்.

முதல் நாள் அக்காவும் தங்கையும் நடுவில் சந்தித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். துணைக் கண்காணிப்பாளர் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தார். அன்று சாப்பாடு நாக்கைச் சுட்டது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

என்ன வேண்டும் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. கார் இருக்கிறதே! முன்னறையை இடித்து வைத்த கார். சோறு தூக்க இனி அது வேண்டியதில்லை என்பதால் அவர் அதில் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். கேட்டைத் தாண்டியதும் எதிரே சிவப்பு விளக்கு. யாரோ ஒரு ஆள் பொத்தானை அழுத்திவிட்டு ஆடி அசைந்து போவான். அவன் போய்ச் சேர்வதற்குள் இன்னொருத்தி அழுத்துவாள். தெருவில் கார் வாங்காதவர்கள் இவ்வளவு பேரா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எனக்கும் அதேதான் சகலை," என்றார் சகலை, வட்டப் பாதையில் கூட நடந்துகொண்டே. "வண்டி ஓட்டிக் காட்டலாம்னு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தேன். அந்த விளக்குல நின்னோம் பாருங்க, நின்னதுலயே அவனுக்கு ஆசை போயிடுச்சு. 'நடந்தே போயிடலாம் போலிருக்கே'ங்கிறான். இப்படியே விட்டா ஜனங்க கெட்டுப்போயிடுவாங்க."

கூட நடந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். வழி வேண்டும் என்று ஒரு காலத்தில் புலம்பியவர்கள்தான். இப்போது எல்லாரிடமும் கார் இருந்தது. வழியை மூடச் சொல்லி ஒரு மனு கொடுப்பது என்றும், எழுதத் தெரிந்தவர் துணைக் கண்காணிப்பாளர்தான் என்றும் அங்கேயே தீர்மானமாயிற்று. அவர் கொஞ்சம் தயங்கினார். ஆனால் 'உம்ம கை வராதா' என்று யாராவது கேட்டுவிட்டால் அவரால் தாங்க முடியாது. "மேற்படி இடத்தில் பாதசாரிகள் குறுக்கே நடமாடுவதால்" என்று ஆரம்பித்தார். மற்றது பழைய பழக்கத்தில் தானாக வந்தது. முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது சகலையுடையது. வட்டப் பாதையில் நடந்தவர்கள் ஒருவர் விடாமல் போட்டார்கள்.

மனு கொடுத்த மறுநாள் காலை, சிவப்பு விளக்கில் நின்றபோது எதிரே ஒரு பெண் மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனாள். முகத்தைக் குடை மறைத்திருந்தது. கையில் ஏதோ கனம். விளக்கு பச்சையாகியும் அவள் பாதியில்தான் இருந்தாள். துணைக் கண்காணிப்பாளர் ஹாரனை அழுத்தினார். பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. அவர் இன்னொரு தடவை, கொஞ்சம் நீளமாக அழுத்தினார்.

அவள் திடுக்கிட்டதில் கையிலிருந்தது கீழே விழுந்து உருண்டது. தூக்குப்பாத்திரம். அதற்கு பெல்ட் போட்டு எத்தனையோ தடவை கூட்டிப் போனவர் அவர். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? குடை விலகியது. மைத்துனி காருக்குள் பார்த்தாள்.

"மாமா," என்றாள். குனிந்து பாத்திரத்தை எடுத்தாள்.

கையில் துணிக்கூடையோடு அவள் பின்னால் வந்த மனைவி, வண்டி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "யாரைப் பாத்து அடிச்சீங்க?"

"யாருன்னு கவனிக்கலம்மா."

"யாரா இருந்தா அடிக்கலாம்?"

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. சாலையில் கொட்டிய சோற்றின் மேல் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனார். மனுவைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்ற முடிவோடு நேரே தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனார்.

"வாரும், வாரும்," என்று எழுந்தே நின்றார் தலைமைப் பொறியாளர். "என்னா மனுய்யா அது! பொதுமக்கள் தாங்களே முன்வந்து கேட்டிருக்காங்க. காலையிலேயே உத்தரவு போட்டுட்டேன்."

"ஐயா, அதைக் கொஞ்சம் மறுபடியும் பரிசீலிச்சு…"

"பரிசீலிக்கிறதுக்கு அதுல என்ன பாக்கி வெச்சிருக்கீர்? ஒரு ஓட்டை இல்லையே."

உண்மைதான். ஒரு ஓட்டை இல்லை.

அந்தத் துறையில் வேகமாக நடந்த ஒரே வேலை அதுதான். நாளைக்கு மூடப்படும் என்று அறிவிப்பு மாட்டினார்கள். அன்று சாயங்காலம் அக்கா, துவைத்த துணிகளில் தன்னுடையதை மட்டும் மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி நிதானமாக எதிர்ப்பக்கம் போனாள். அரை மணி கழித்து எதிர்வீட்டிலிருந்து சகலை, பெட்டியும் காருமாக இந்தப் பக்கம் வந்தார். "இங்க இருந்துக்கச் சொல்லிட்டாங்க சகலை," என்றார். "மனுவுல ரெண்டாவது கையெழுத்து யாருதுன்னு கேட்டா." மறுநாள் சுவர் மூடிக்கொண்டது.

இப்படியாகத் தண்ணீர்ப் பக்கத்தில் இரண்டு ஆண்களும், இரண்டு கார்களும், ஒரு துவைக்கும் இயந்திரமும். அடுப்புப் பக்கத்தில் அக்காவும் தங்கையும். துணியை அவர்கள் வாளியில் தண்ணீர் பிடித்துக் கையால் துவைத்துக்கொண்டார்கள். குழாய் பெருமூச்சு விட்டாலும் விடிவதற்குள் ஒரு வாளி நிறைந்துவிடும். ஆண்கள் இருவரும் முதல் நாள் ராத்திரி வழக்கம்போல் மேம்பாலத்துக்குப் போய்த் திரும்பி எதிர்வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். கதவு திறக்கவில்லை. ஜன்னலில், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி ஒரு பலகை தொங்கியது. மனைவியின் கையெழுத்து:

"வாகனங்களில் வருவோரால் இவ்வீட்டுச் சமையலின் இயல்பான ஓட்டம் ஊறுபடுவது கவனத்திற்கு வந்துள்ளது. இனி நடந்து வருவோருக்கு மட்டுமே உணவு வழங்கப்படும் என முடிவெடுக்கப்பட்டுள்ளது."

துணைக் கண்காணிப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. முடிவெடுத்தவர் யார் என்றுகூட அதில் இல்லை.

அன்று முதல் இரண்டு சகலைகளும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு, ஜன்னலில் நின்று எதிர்வீட்டு ஆவியைப் பார்த்து வந்தார்கள். நடந்து போக வழி இல்லை. வண்டியில் போனால் சோறு இல்லை. அங்கே அக்காவும் தங்கையும் ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரியும். என்ன சொல்கிறார்கள் என்பது வண்டிச் சத்தத்தில் கேட்காது.

ஒருநாள் மத்தியானம் வியர்த்து வழிய ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். கையில் துறையின் அட்டை.

"கணக்கெடுப்பு சார். இந்த இடத்துல ரோட்டைக் கடக்கணும்னு யாருக்காவது தேவை இருக்கா?"

துணைக் கண்காணிப்பாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. "இருக்கும்மா. எனக்கு இருக்கு."

"உங்ககிட்ட கார் இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்ப நீங்க கணக்குல வர மாட்டீங்க. விளக்கத்துல போட்டிருக்கு." அவள் சகலையைப் பார்த்தாள். "உங்ககிட்ட?"

"கார் இல்லாமலா?" என்றார் சகலை, அந்தப் பசியிலும் கொஞ்சம் புண்பட்டு.

"நீங்களும் வர மாட்டீங்க. வேற யாராவது இருக்காங்களா?" அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பைக் கையால் காட்டினாள். "சார், அந்த பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போறது? வர்றப்ப இந்தப் பக்கம் இறங்கிட்டேன். திரும்பிப் போற பஸ் அங்கதான் நிக்குமாம். காலையிலேர்ந்து சுத்தறேன், வழியே தெரியல."

துணைக் கண்காணிப்பாளர் அவளை அப்படியே பார்த்தார். "அப்ப உனக்குத் தேவை இருக்கேம்மா. உன்கிட்ட காரும் இல்ல. உன் பேரையே எழுதிக்கயேன்."

"எழுத முடியாது சார். நான் அலுவல் நிமித்தம் வந்தவ." அவள் வருத்தமாகத்தான் சொன்னாள். "அப்படியே எழுதினாலும் ஒருத்தியோட தேவையைத் தேவைன்னு எடுத்துக்க மாட்டாங்க. எல்லாம் அடைச்சு எழுதியிருக்காங்க சார். யாரு எழுதினாங்களோ, ஒரு ஓட்டைகூட வெக்கல."

அவள் 'தேவை இல்லை' என்று குறித்துவிட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். சகலை நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பஸ்ஸை நம்பாதம்மா," என்றார் கனிவாக. "உனக்குன்னு ஒரு சின்ன வண்டி இருக்கு, வா, காட்டறேன்."

அவள் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே, சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளைத் துணைக் கண்காணிப்பாளர் பக்கம் நீட்டினாள். எதிர்வீட்டில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்து வழக்கம்போல் அழகாகவே விழுந்தது.